பாலைக் கட்டையும் செயின்சோவும்

நன்றாகக் காய்ந்த பாலைக் கட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். ஒரு கனமீற்றர் நீரின் எடை 1,000 கிலோகிராம்; அதே அளவு பாலை மரம் அதைத் தாண்டி நிற்கிறது. முதிரையும் வீரையும் கருங்காலியும் அதற்குச் சற்றுப் பின்னால்தான். திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த உலர்வலயக் காடுகள் இத்தகைய வைரமான மரங்களின் வீடு. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் மரத்துக்கு ஆங்கிலேய மர வணிகர்கள் இந்த ஊரின் பெயரையே வைத்து, ‘திருகோணமலை மரம்’ என்றார்கள். அலை அடிக்கும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும் அந்த மரத்தைச் சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்குத் தேடி வாங்கினார்கள்.

மரத்துக்கு மரம் இவ்வளவு வேறுபாடு ஏன்? மரத்தின் உயிரணுச் சுவரை மட்டும் பிரித்து எடுத்தால், எந்த மரமானாலும் அதன் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுதான்: கனமீற்றருக்கு 1,500 கிலோகிராம். முருங்கை இலேசாக இருப்பது அதற்குள் வெற்றிடம் அதிகம் என்பதால். பாலையில் அந்த வெற்றிடம் மிகக் குறைவு. மொத்தக் கன அளவில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் சுவர். அதனால்தான் அது அடுப்பில் நெடுநேரம் நின்று எரிகிறது. அதனால்தான் கோடாலி அதில் பட்டுத் தெறிக்கிறது. செயின்சோ ஒன்றை முதன்முறை கையில் எடுப்பவர் எதை அறுக்கப் போகிறார் என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். இயந்திரத்தின் குணத்தில் பாதியை மரம்தான் தீர்மானிக்கிறது.

இந்த இயந்திரம் வீட்டு விறகுக்கு ஏன் வந்தது என்பதற்கும் காரணம் உண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கை வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் விறகில்தான் சமைத்தன. பிறகு நகரங்களில் எரிவாயு பரவியது. 2022இல் அந்நியச் செலாவணி தீர்ந்து எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமற் போனபோது, அடுப்பங்கரைக்கு விறகு திரும்பி வந்தது. சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கும் திருகோணமலை மாவட்டத்திலும் சிலிண்டருக்காக மக்கள் வரிசையில் நின்றார்கள். விறகு பழமையின் மிச்சம் அல்ல, இந்த நாட்டின் எரிபொருள் காப்புறுதி என்பதை அந்த ஆண்டு எல்லோருக்கும் காட்டியது.

ஒரு விநாடியில் ஐந்நூறு பற்கள்

விறகுக்கு ஏற்ற நடுத்தர செயின்சோ என்றால், 50 முதல் 60 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் 16 முதல் 20 அங்குல ‘பார்’உம் கொண்டது. சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட உருக்குத் தகடுதான் பார். பெற்றோலும் ஒயிலும் நிரப்பித் தூக்கினால் ஏழு, எட்டுக் கிலோ வரும். முதற் பார்வைக்கு அது பெரிய பாரமல்ல. முழங்கால் உயரத்தில், உடலை விட்டுச் சற்று விலக்கி, அரை மணி நேரம் பிடித்திருந்தால் தோளும் முதுகும் வேறு கணக்குச் சொல்லும். இதைவிடச் சிறிய வாள் பாலையில் திணறும். பெரிய வாளைத் தூக்கி அலைவது விறகு வேலைக்கு வீண் களைப்பு.

அந்தச் சிறிய எஞ்சின் ஏறக்குறைய 2,600 வாட் திறன் தருகிறது. உடல் வலுவுள்ள ஒருவர் நாள் முழுக்க உழைக்கும்போது தொடர்ந்து தரக்கூடியது சுமார் 75 வாட். அதாவது கைக்குள் முப்பத்தைந்து பேரின் உழைப்பு இருக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 முறை சுழலும்போது சங்கிலி விநாடிக்கு 20 மீற்றர் ஓடுகிறது. அது மணிக்கு 72 கிலோமீற்றர், நெடுஞ்சாலையில் பஸ் ஓடும் வேகம். 18 அங்குலப் பாரில் ஓடும் சங்கிலியின் நீளம் சுமார் 1.3 மீற்றர், அதில் முப்பத்துச் சொச்சம் வெட்டும் பற்கள். கணக்கிட்டுப் பார்த்தால் மரத்தை ஒவ்வொரு விநாடியும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பற்கள் கடந்து போகின்றன.

முதல் வெட்டில் கை உணரும் வியப்பு இதுவல்ல, இழுவை. பாரின் அடிப்புறத்தைக் கட்டையில் வைத்ததும் வாள் தானாக முன்னோக்கி இழுத்து மரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பாரின் மேற்புறத்தால் அறுத்தால் அதே விசை வாளை நம் மேல் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே தோள்மூட்டில் படிக்கக் கிடைக்கிறது: சங்கிலி மரத்தை ஒரு பக்கம் இழுக்க, மரம் சங்கிலியை மறுபக்கம் இழுக்கிறது. அந்த விசை எவ்வளவு? திறனை வேகத்தால் வகுத்தால் போதும். 2,600 வாட்டை 20ஆல் வகுக்க 130 நியூட்டன். 13 கிலோ பாரத்துக்குச் சமமான இழுப்பு. இதை முன்கூட்டியே அறிந்து காலைச் சற்று அகட்டி நிற்பவருக்கு முதல் வெட்டு சுலபமாக முடியும்.

இன்னொன்றும் உடனே தெரியவரும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது சங்கிலி அசையாமல் நிற்கிறது. விரல்விசையை அழுத்தினால்தான் ஓடத் தொடங்குகிறது. சுழற்சி கூடும்போது கிளச்சின் கட்டைகள் மையவிலக்கு விசையால் வெளியே விரிந்து, சங்கிலியைச் சுழற்றும் உருளையைப் பற்றிக்கொள்வதே காரணம். எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் சங்கிலி நகர்ந்தால் அந்த வாளைக் கையில் வைத்திருக்கக் கூடாது.

புழு கற்பித்த பல்

1920களில் ஜெர்மனியில் அந்திரேயாஸ் ஸ்டீல், எமில் லெர்ப் போன்றோர் செய்த முதல் இயந்திர வாள்களை இருவர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. அவற்றின் எடை ஒரு ஆளின் எடைக்குக் கிட்ட இருந்தது. அதைவிடப் பெரிய குறை பற்களில் இருந்தது. கைவாளின் பற்களையே சங்கிலியில் வரிசையாகப் பொருத்தியிருந்தார்கள். அவை மரத்தைச் சுரண்டின, சீக்கிரம் மழுங்கின, அரம் போட்டே பொழுது போனது.

மாற்றம் ஒரு புழுவிடமிருந்து வந்தது. 1946இல் அமெரிக்காவின் ஒரேகன் காட்டில் விறகு வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் கொக்ஸ், ஓர் அடிக்கட்டையைக் குடைந்து செல்லும் வண்டுப் புழுவைக் கூர்ந்து பார்த்தார். நாரின் போக்கு எதுவானாலும் அது தடையின்றி முன்னேறியது. அதன் இரு தாடைகளும் வளைந்த வடிவில், இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைச் செதுக்கின. அதே அமைப்பைக் கொக்ஸ் உருக்கில் வார்த்தார். 1947இல் சங்கிலி செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று உலகம் முழுவதும் ஓடும் செயின்சோச் சங்கிலிகள் அந்த வடிவத்தின் வழிவந்தவை.

அந்தப் பல்லை உற்றுப் பார்த்தால் அதில் இரு விளிம்புகள் தெரியும். பக்க விளிம்பு நாரைக் குறுக்கே வெட்டுகிறது. மேல் விளிம்பு வெட்டுண்ட துண்டைப் பெயர்த்து எடுக்கிறது. தச்சர் பொருத்துக் குழி எடுக்கும்போது முதலில் கோட்டில் உளியை நிறுத்தி அடித்து, பிறகு படுக்க வைத்துச் சீவி எடுப்பதும் இதே ஒழுங்கில்தான். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சிறு திமில் ஒன்று நிற்கிறது. பல்லைவிட அது 0.65 மில்லிமீற்றர் அளவு தாழ்ந்திருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அந்தச் சிறு இடைவெளிதான் கட்டுப்படுத்துகிறது. சீக்கிரம் வெட்ட வேண்டும் என்று அதை அதிகமாக அராவிவிட்டால், வைர மரத்தில் வாள் துள்ளும்.

கூர்மையை அறியக் கண்ணாடி தேவையில்லை. கீழே விழுவதைப் பார்த்தால் போதும். செதிலாக விழுந்தால் சங்கிலி கூராக இருக்கிறது. மாவாக விழுந்தால் மழுங்கிவிட்டது. மரத்தை மாவாக்குவது என்றால் மிகப் பெரிய புதிய பரப்பை உருவாக்குவது. ஒவ்வொரு பரப்புக்கும் ஆற்றல் செலவாகிறது. மழுங்கிய சங்கிலி அதே வெட்டுக்கு அதிகப் பெற்றோலைக் குடித்து, மிச்சத்தை வெப்பமாக மாற்றுகிறது. அப்போது கை தன்னையறியாமல் வாளை அழுத்தத் தொடங்கும். அழுத்த வேண்டியிருக்கிறது என்பதே நிறுத்தி அரம் போடுவதற்கான அறிகுறி. ஐந்து மில்லிமீற்றரை ஒட்டிய உருண்டை அரத்தை, பல்லில் குறிக்கப்பட்ட கோணத்தில், உள்ளிருந்து வெளிநோக்கி ஒரே சீராகத் தள்ள வேண்டும். பல்லின் வெளிப்பூச்சுக் குரோமியம் மிகக் கடினமானது. அந்த மெல்லிய படலம்தான் கூர்முனையாக நிற்கிறது.

திருகோணமலையில் சங்கிலியை மழுக்குவது பெரும்பாலும் பாலை அல்ல, மண். உப்புவெளியிலிருந்து குச்சவெளி வரையான கரையோர மரங்களின் பட்டையில் காற்று அடித்து வந்த மணல் படிந்திருக்கும். மணல் என்பது சிலிக்கா. உருக்கை விடக் கடினமானது. தென்னையும் பனையும் தம் திசுக்களுக்குள்ளேயே சிலிக்காத் துகள்களைச் சேர்த்து வைக்கின்றன. அதனால் ஒரு தென்னங்குற்றியை அறுத்து முடிக்கும்போது சங்கிலி களைத்துப் போகிறது. பழைய வேலிமரங்கள் முள்ளுக்கம்பியை விழுங்கி அதன் மேல் வளர்ந்திருக்கும். போர் நடந்த பகுதிகளில் மரத்துக்குள் சன்னங்களும் ஷெல் துண்டுகளும் புதைந்திருக்கின்றன. பட்டையில் பழைய வடுவோ கருநீலக் கறையோ தெரிந்தால் அந்த இடத்தைத் தவிர்த்து அறுப்பது நல்லது. மரத்திலுள்ள தனின் என்னும் பொருள் இரும்போடு சேரும்போதுதான் அந்தக் கறை உண்டாகிறது.

சூடு, சத்தம், அதிர்வு

ஈரடிப்பு (டூ ஸ்ட்ரோக்) எஞ்சினின் சத்தம் துறைமுகத்து மக்களுக்குப் புதிதல்ல. கொட்டியாரக் குடாவில் ஓடிய வெளியிணைப்பு எஞ்சின்களும் பழைய ஓட்டோக்களும் அதே குடும்பம். அவ்வகை எஞ்சினுக்குத் தனி ஒயில் தொட்டி கிடையாது. உராய்வைத் தணிக்கும் ஒயில் பெற்றோலோடு கலந்தே உள்ளே போகிறது. பெரும்பாலான வாள்களுக்கு 50க்கு 1: ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். ஒயில் குறைந்தால் பிஸ்டன் கீறிப்போகும். வெறும் பெற்றோல் ஊற்றிய எஞ்சின் சில நிமிடங்களில் சிக்கிவிடும். இதில் கண்மதிப்பு உதவாது. அளந்துதான் ஊற்ற வேண்டும்.

சங்கிலிக்கு வேறு ஒயில். அது பாரின் பள்ளத்தில் ஊறி, சுழலும்போது தெறித்து, முழுவதும் மரத்தூளிலும் மண்ணிலும் போய்ச் சேர்கிறது. அதனால்தான் வாகனத்திலிருந்து எடுத்த கழிவு ஒயிலை இதில் ஊற்றும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். அதில் புற்றுநோயை உண்டாக்கும் சேர்மங்கள் கலந்திருக்கின்றன. நுண்துளியாகத் தெறிக்கும் அந்த ஒயில் அறுப்பவரின் மூச்சிலும் கலக்கிறது. ஐரோப்பியக் காடுகளில் இதற்குத் தாவர எண்ணெயைப் பயன்படுத்துவது இன்று வழக்கமாகிவிட்டது.

சிறிது நேரம் அறுத்ததும் சங்கிலி தொய்வதைக் காணலாம். உருக்கு ஒரு பாகை சூடேறினால் மீற்றருக்கு 0.012 மில்லிமீற்றர் நீள்கிறது. 1.3 மீற்றர்ச் சங்கிலி நூறு பாகை சூடேறும்போது ஒன்றரை மில்லிமீற்றர் நீண்டுவிடும். சூட்டில் இறுக்கிய சங்கிலியை வேலை முடிந்ததும் தளர்த்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்து சுருங்கும்போது பாரையும் சங்கிலியைச் சுழற்றும் உருளையையும் இறுக்கிப் பிடிக்கும்.

காதருகே சத்தம் 100 டெசிபலைத் தாண்டுகிறது. எட்டு மணி நேரத்துக்குப் பாதுகாப்பான எல்லை 85 டெசிபல் எனக் கொண்டால், மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் மிஞ்சுவது கால்மணி நேரம்தான். உட்காதின் மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. காதுமூடிக்குச் செலவாகும் பணம் எந்தச் செவிப்புலன் கருவியின் விலையையும் விடச் சிறிது.

அதிர்வு இன்னும் மெதுவாகத் தாக்குகிறது. 1918இலேயே அமெரிக்க மருத்துவர் அலிஸ் ஹமில்டன், காற்றுச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கியவர்களின் விரல்கள் வெளிறி மரத்துப்போவதைப் பதிவு செய்தார். பிற்காலத்தில் அதே நோயைச் செயின்சோத் தொழிலாளரிடம் கண்டார்கள். விரலை வெளிறச் செய்வது குளிர். நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் அந்த வெண்மை வெளியே தெரிவது குறைவு. நரம்புக்கு வரும் கேடு குறைவதில்லை. வேலை முடிந்த இரவிலும் விரலில் ஊறல் நீடித்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. இன்றைய வாள்களில் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையே ரப்பரும் சுருள்வில்லும் வைத்திருக்கிறார்கள். தேய்ந்த அந்த ரப்பரை மாற்றுவது விரல்களைக் காக்கும் மலிவான வைத்தியம்.

விழுந்த மரத்துக்குள் இருக்கும் விசை

பாரின் மூக்கில் மேற்பாதி மரத்தில் பட்டால் வாள் மேலெழும்பி அறுப்பவரின் முகத்தை நோக்கித் திரும்பும். கண நேரத்தில் இது முடிந்துவிடுகிறது. ஆனால் மனிதன் கண்டு கைவிலக்க ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். அதனால் சங்கிலியை நிறுத்தும் வேலையை இயந்திரத்திடமே ஒப்படைத்தார்கள்: முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் தடுப்பு அசைந்தாலே பிரேக் விழுந்து பத்தில் ஒரு விநாடி அளவில் சங்கிலி நின்றுவிடும். அந்தப் பிரேக்கை வேலை தொடங்குமுன் ஒவ்வொரு நாளும் சோதித்துப் பார்க்க வேண்டும். இடது பெருவிரல் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். வாளின் பாதைக்கு நேராகத் தலை இருக்கக் கூடாது.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையே கரை கடந்தது. இத்தகைய புயல்களுக்குப் பின் விறகு தானாக வந்து வாசலில் கிடக்கும். செயின்சோவைப் புதிதாகப் பிடித்தவருக்கு மிக ஆபத்தான மரமும் அதுதான். இரு முனையும் தாங்கப்பட்டு நடுவில் தொங்கும் மரத்தின் மேற்புறம் அமுங்கியிருக்கிறது, அடிப்புறம் இழுபட்டிருக்கிறது. மேலிருந்து நேராக அறுத்தால் பிளவு மூடி வாளைக் கவ்விக்கொள்ளும். ஒரு முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் நிலை தலைகீழ். வழி ஒன்றே: அமுங்கிய பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, இழுபட்ட பக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். வளைந்து சிக்கிய கிளை ஒரு வில். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும் வேர்மண் தட்டு பழையபடி நிமிர்ந்துவிடக்கூடும். அதன் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. எந்த மரத்தின் எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் திறமை.

அறுத்த பிறகு

25 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பாலைக் கட்டையில் 40 சென்ரிமீற்றர்த் துண்டு ஒன்றை நினைத்துக்கொள்வோம். எடை சுமார் 20 கிலோ; அதிலுள்ள வெப்ப ஆற்றல் ஏறக்குறைய 300 மெகாஜூல். அதை அறுக்கக் கூரான வாளுக்குப் பத்துப் பதினைந்து விநாடி போதும். எரியும் பெற்றோல் ஒரு தேக்கரண்டியைச் சற்றே தாண்டும். செலவிட்டதைப் போல ஆயிரம் மடங்கு ஆற்றல் திரும்பக் கிடைக்கிறது. 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டரில் இருப்பது 575 மெகாஜூல். அப்படியானால் இரண்டு கட்டைகள் ஒரு சிலிண்டருக்குச் சமமா?

சமமாகாது, அடுப்பு குறுக்கே நிற்கிறது. எரிவாயு அடுப்பு ஏறக்குறைய பாதி வெப்பத்தைப் பானைக்குத் தருகிறது. மூன்று கல் அடுப்பு தருவது 15 வீதத்துக்கு மேல் போவது அரிது. அந்தக் கணக்கில் ஒரு சிலிண்டருக்கு ஈடாக சுமார் 130 கிலோ, அதாவது இரண்டரை அந்தர் விறகு வேண்டும். 1980களில் இலங்கையில் உருவான ‘அனகி’ மண்ணடுப்பு போல 20 வீதம் தரும் அடுப்பானால் இரண்டு அந்தருக்குள் முடியும். வாள் எவ்வளவு நல்லதானாலும் அடுப்பு சரியில்லாவிட்டால் அந்த உழைப்பு புகையாகப் போகும்.

ஈரமும் அப்படித்தான். பச்சை மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கலாம். அந்த ஒவ்வொரு கிலோ நீரையும் ஆவியாக்க 2.3 மெகாஜூல் வீணாகிறது. நீர் நாரின் நீளவாக்கில் வெளியேறுவது குறுக்குவாக்கில் வெளியேறுவதைவிடப் பல மடங்கு விரைவு. ஆகவே கட்டையைக் குட்டையாக அறுப்பதுதான் உலர்த்தலின் முதற்படி, பிளப்பது அடுத்தது. வாடைக்காற்றுக் காலத்தில் எவ்வளவு அடுக்கி வைத்தாலும் விறகு ஈரத்தை விடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களுக்கு முன் அறுத்து, நிலத்தில் படாமல், காற்றுப் புகும்படி அடுக்கினால் மாரிக்கு முன் அது தயார்.

கடைசியாக, அளக்கக் கருவி தேவைப்படாத ஒரு வேகத்தைச் சொல்ல வேண்டும். பதினைந்து விநாடியில் அறுபடும் பாலை, அந்தப் பருமனுக்கு வர ஒரு மனிதத் தலைமுறைக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது. அதன் பழத்தை நாமும் தின்கிறோம், கரடியும் தின்கிறது. கோடாலிக் காலத்தில் மனிதனின் களைப்பே காட்டுக்குக் காவலாக இருந்தது. அந்தக் காவலை இந்த இயந்திரம் நீக்கிவிட்டது. அதனிடத்தில் சட்டம் வர வேண்டியிருந்தது. பிலிப்பைன்ஸ் 2002இல் செயின்சோவுக்கென்றே தனிச்சட்டம் இயற்றியது. இலங்கையில் 2019இன் தொடக்கத்தில் செயின்சோ வைத்திருப்போர் அதைப் பதிவுசெய்ய வேண்டும் என்று அரசு அறிவித்தது. பலாவையும் பெண் பனையையும் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அது.

சட்டம் ஒருபுறம் இருக்க, விறகு வேண்டியவர்களுக்கு நல்ல வழி இருக்கிறது. 2005இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசு அறிவித்த கிளிரிசிடியா, வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. வேரில் நைதரசனைச் சேர்க்கிறது. இலை ஆட்டுக்கும் வயலுக்கும் ஆகிறது. அதன் தடிகளை வெட்டச் செயின்சோகூட வேண்டாம், ஒரு கத்தி போதும். வேலியெங்கும் அதை நட்டால் வீட்டின் அன்றாட விறகு அங்கேயே கிடைக்கும். செயின்சோவைப் புயல் சாய்த்த மரத்துக்கும், பட்டுப்போன மரத்துக்கும், கூரைக்கு மேல் ஆபத்தாகச் சாய்ந்த கிளைக்கும் வைத்துக்கொள்ளலாம். நிற்கும் பாலை நிற்கட்டும். இந்த இயந்திரம் கையில் உள்ளவர் கற்க வேண்டிய பாடங்களில் மிகப் பெரியது, எதை அறுக்காமல் விடுவது என்பதே.